சுயம்புராஜ் நிரப்பிய உப்புக் குப்பி

சுயம்புராஜ் அந்தக் கல்லூரிக்கு முதலில் போனது குழாய் மாட்டத்தான். வேலைகூட அவருடையது இல்லை. குழாய்க்காரன் ஒருவனுக்குக் கையாளாகப் போயிருந்தார். தக்கலைப் பக்கம் உள்ள கல்லூரி. மாடியில் ஒரு சோதனைக்கூடம். அங்கே தொட்டிக்கு அடியில் ஒழுக்கு. ரெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் மல்லாந்து கிடந்தவருக்கு, மேஜைமேல் ஒரு பெண் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் எதையோ போட்டு அடிஅடி என்று அடிப்பது தெரிந்தது. வெள்ளைப் பொடி. தண்ணீரில் கொட்டிவிட்டுக் கிண்டுகிறாள். பொடியெல்லாம் கட்டி கட்டியாக, வெளியே வழவழப்பும் உள்ளே காய்ந்த மாவுமாக மிதக்கிறது.

பத்து நிமிடம் பார்த்தார். பிறகு பொறுக்கவில்லை.

"மேடம், இப்படிக் கிண்டினா நாளைக்கும் கிண்டிக்கிட்டுத்தான் நிப்பிய."

அவள் திரும்பிப் பார்த்தாள். "இது என்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

"பேரு தெரியாது. எட்டு வருஷம் இதைத்தான் கலக்கினேன்."

அது பொய் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, நாலு ஊரில் நாலு வேலை பார்த்து, கடைசியில் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் போய் நின்றவர் அவர். தோண்டுகிற குழிக்குள் ஒரு கொழகொழத்த உப்புத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டுப்பட்ட கல்லும் மண்ணும் அடியில் போய் அடைந்துவிடாமல் அந்தக் கொழகொழப்புதான் தாங்கி மேலே கொண்டுவரும். அதற்கு அங்கே 'மட்' என்று பெயர். அதைக் கலக்குவது சுயம்புராஜ் வேலை. மூட்டை மூட்டையாகப் பொடி, மூட்டை மூட்டையாக உப்பு. கொரோனா வருஷம் எல்லாரையும் அனுப்பியபோது இவரையும் அனுப்பினார்கள். நடுமுதுகில் ஒரு வலியோடு வந்து சேர்ந்தார்.

கையைக் கழுவிவிட்டு வந்து அவளிடம் பாத்திரத்தை வாங்கினார். புதுத் தண்ணீர் பிடித்தார். கலக்கும் இயந்திரத்தைத் தட்டிவிட்டு, நடுவில் சுழி விழும்வரை காத்திருந்தார். பிறகு பொடியை இரண்டு விரலால் எடுத்து, சுழியின் விளிம்பில், கோலப்பொடி விடுகிற மாதிரி விட்டார். அரை மணி நேரம் ஆனது. ஒரு கட்டி இல்லை.

"பைய விடணும். அவ்வளவுதான். இதுல வேற வித்தை இல்ல."

அந்தப் பெண் பெமிலா. இனயத்துக்காரி, மீன்பிடிக்கிறவர் மகள், ஆராய்ச்சி மாணவி. அவள் போய்ப் பேராசிரியர் செல்வதாஸைக் கூட்டிக்கொண்டு வந்து பாத்திரத்தைக் காட்டினாள். செல்வதாஸ் அதிகம் பேசாத மனிதர். பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், சுயம்புராஜின் நெற்றியில் இருந்த வெள்ளை நாமத்தைப் பார்த்தார், "சாமித்தோப்புப் பக்கமா?" என்று கேட்டார். அடுத்த மாதம் சுயம்புராஜ் சோதனைக்கூட உதவியாளர். நிரந்தரம் இல்லை. வருஷா வருஷம் ஜூன் மாதம் செல்வதாஸ் எழுதிக்கொடுத்தால் இன்னும் ஒரு வருஷம்.

அங்கே நடந்த ஆராய்ச்சி சொன்னால் லேசாகத்தான் தெரியும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலை ரவை அளவுக்குத் தூளாக்கிச் சலித்து வைத்திருப்பார்கள். நெஞ்சு உயரக் கண்ணாடிக் குழலில் கொழகொழத்த உப்புத் தண்ணீரை நிரப்பி, அதில் ஒரு தூளைப் போட்டு, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் ஒரு சாண் தூரம். அவ்வளவுதான்.

"இதுக்கா மேடம் பட்டம் குடுக்காங்க?" என்று வந்த புதிதில் சுயம்புராஜ் கேட்டார்.

"மேடம்னு கூப்பிட்டா பதில் சொல்லமாட்டேன்."

"சரி மக்கா. இதுக்கா பட்டம்?"

பெமிலா சிரித்தாள். "கடல்ல பாசி பெருகுத காலத்துல எங்கப்பா வலையில ஒரு வழுவழுப்பு ஒட்டிக்கிட்டு வரும். கழுவினாலும் போவாது. கடல்தண்ணின்னா வெறும் உப்புவெள்ளம் இல்லண்ணா, இந்த வழுவழுப்பும் சேர்ந்ததுதான். பிளாஸ்டிக் தூளு அதுக்குள்ள விழுந்தா எத்தனை நாள் நடுவுலயே நிக்கும், எப்போ தரைக்குப் போவும்? நடுவுல நிக்க நாளெல்லாம் மீன் அதைத் தின்னும். அந்தக் கணக்கு ஒருத்தனுக்கும் சரியாத் தெரியாது."

"உப்பு போட்டா கொழகொழப்பு குறையுமே."

"அது எப்படித் தெரியும்?"

"அங்க கண்டதுதான். ஆனா அங்க போட்ட பொடி கொஞ்சந்தான் அசரும். இது ரொம்ப அசருது."

"இது வேற சாதிப் பொடி. தலைமுடி வெள்ளத்துக்குள்ள விரிஞ்சு கிடக்க மாதிரி இதோட இழையெல்லாம் விரிஞ்சு கிடக்கும். உப்பு விழுந்தா சுருண்டுரும். சுருண்டா தூளுக்கு வழி கிடைச்சுரும், சீக்கிரம் இறங்கும்."

வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். வெயில் ஏறினால் தண்ணீர் இளகி நேரம் மாறிவிடும் என்பதால் பத்து மணிக்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. மின்விசிறி போடக்கூடாது. தூளை முந்தின நாளே அதே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டிருந்தால் அது விழாது, மிதக்கும். சுயம்புராஜ் குறட்டால் தூளைத் தண்ணீருக்கு உள்ளே கொண்டுபோய் விடுவார். ஒவ்வொரு கோட்டுக்கும் நேராகக் கண்ணை வைத்து "கடந்தாச்சு" என்பார். பெமிலா போனில் நேரத்தை அமுக்கி நோட்டில் எழுதுவாள். உப்பில்லாத தண்ணீரில் பதினாலு நிமிடம். கொஞ்சம் உப்பு போட்டால் பன்னிரண்டு. இன்னும் கொஞ்சம் போட்டால் பத்து. ஒருவர் பேசினால் மற்றவர் சத்தம் போடுவார். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று.

தவறு நடந்தது மார்ச் மாதம்.

உப்புக் குப்பி சுயம்புராஜின் பொறுப்பு. கம்பெனி உப்பு, அரைக்கிலோக் குப்பி, பெயரும் எண்ணும் ஒட்டியிருக்கும். குறைந்த உப்புக்கு அது மாதக்கணக்கில் வந்தது. கடல் அளவு உப்பை நெருங்கியபோது குழலை ஒரு தடவை நிரப்ப நூறு கிராமுக்கு மேல் வேண்டியிருந்தது. குப்பி மூன்று நாளில் தரை தட்டியது. பிப்ரவரியிலேயே எழுதிப் போட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டார். எழுதிப் போட்டால் சென்னையிலிருந்து வரப் பத்துப் பதினைந்து நாள். 'ஏன் முன்னமே சொல்லலை' என்று பெமிலா ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை அவருக்கு வேண்டாம்.

மறுநாள், மார்ச் நாலு, அய்யா அவதார தினம், மாவட்டத்துக்கே விடுமுறை. சுயம்புராஜ் சாமித்தோப்பில் அய்யாவின் கோயிலான பதிக்குப் போய்விட்டு, கூட்டத்தில் நீந்தி வெளியே வந்து, மச்சினன் கிருஷ்ணமணியின் உப்பளத்துக்குப் போனார். மூன்று கிலோ வாங்கினார். வீட்டில் இரும்புச் சட்டியில் போட்டு ஈரம் போக வறுத்தார். அம்மியில் பொடித்துச் சலித்தார்.

மனைவி பூங்கனி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். "என்னத்தை வறுக்கிய?"

"உப்பு."

"மீனை விட்டுட்டு உப்பை வறுக்க ஆளை இப்பத்தான் பாக்கேன்."

"காலேஜுக்கு."

"அங்க உப்புக்கும் பஞ்சமா? பெரிய படிப்புதான்."

ஐந்தாம் தேதி காலையில் அந்த உப்பைக் கம்பெனிக் குப்பியில் நிரப்பினார். வெள்ளைவெளேர் என்றுதான் இருந்தது. உப்பு உப்புதானே. எண்ணெய்க் கிணற்றில் எந்த மூட்டை எந்த ஊர் உப்பு என்று யார் கேட்டார்கள்? எழுதிப் போட்ட கம்பெனி உப்பு பிறகு வந்தது. கையில் இருப்பது தீரட்டும் என்று அதை அலமாரியில் வைத்தார். குப்பி தீரத்தீர வீட்டு உப்பையே நிரப்பினார். கரைத்த தண்ணீர் சற்றுக் கலங்கலாக இருந்தது. பார்த்தார். விட்டுவிட்டார்.

ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை பெமிலா பெரிய தாளில் ஒரு படத்தை அச்சடித்துக்கொண்டு வந்து சுவரில் ஒட்டினாள். புள்ளி புள்ளியாக இருந்தது. இடது பக்கத்திலிருந்து சரிந்து சரிந்து வந்த புள்ளிகள் ஓர் இடத்தில் பொத்தென்று கீழே விழுந்தன.

"அண்ணா, இஞ்ச பாருங்க. கடல் உப்பு வரும்போது ஏழு நிமிஷம் வரணும். எந்தப் புத்தகக் கணக்கைப் போட்டாலும் ஏழுதான். நமக்கு மூணு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, அறுபது தடவை மூணு. சார் சொல்லுதாரு, இதுக்கு முன்னால ஆரும் கண்டதில்லன்னு. இருபத்தெட்டாம் தேதி திருவனந்தபுரத்துல கருத்தரங்கு. நான் பேசப்போறேன். அதுல உங்க பேரும் உண்டு. கலக்கினது சுயம்புராஜ்னு."

"என் பேரு எதுக்கு?"

"இருக்கட்டும்லா."

சுயம்புராஜ் படத்தின் அருகில் போனார். புள்ளிகளுக்குக் கீழே சின்ன எழுத்தில் தேதி போட்டிருந்தது. சரிவில் உள்ள கடைசிப் புள்ளி மார்ச் மூன்று. கீழே விழுந்த முதல் புள்ளி மார்ச் ஐந்து.

 குழலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

எட்டு வருஷம் கலக்கியவருக்கு, தான் நிரப்பிய உப்புதான் காரணம் என்று விளங்க நேரம் ஆகவில்லை. விளங்கியதை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணின் அறுபது அளவும் குப்பையில். ஜூன் மாதம் செல்வதாஸ் எழுதிக்கொடுக்கப் போவதும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதுகு வலியோடு இனி எந்தக் குழாய்க்காரனுக்குப் போய்க் கையாள் நிற்பது? சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கம்பெனி உப்பு அலமாரியில் இருக்கிறது. மிச்ச வீட்டு உப்பைத் தொட்டியில் கொட்டினால் முடிந்தது. அவள் இருபத்தெட்டாம் தேதி மேடையில் ஏறி, இல்லாத ஒன்றை உண்டு என்று சொல்லிவிட்டு இறங்குவாள். அதில் இவர் பேரும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பதியில் தலைப்பாகை கட்டிக்கொண்டு அங்கே சிலைக்குப் பதிலாக வைத்திருக்கும் கண்ணாடிக்கு முன்னால் கும்பிட்டு நின்றார். உப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. வெளியே வந்து நேராக உப்பளத்துக்குப் போனார்.

"ஏலே கிருஷ்ணா, அன்னைக்கு எனக்குத் தந்தியே, அந்த உப்புல என்ன உண்டு?"

கிருஷ்ணமணி வரப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். "உப்புல உப்பு உண்டு. என்ன கேள்வி அத்தான் இது?"

"கசப்பு?"

"கடைசி வெள்ளத்தை வடிச்சிட்டு வாரினா கசக்காது. அன்னைக்குத் திருநாளு. வேலைக்கு ஆளு இல்ல. நீங்க வேற அவசரப்பட்டிய. வடியுமுன்ன வாரிட்டேன். ஏன், உங்க காலேஜுல சாம்பார் வச்சு ஆராச்சும் துப்பிட்டாவளா?"

"துப்பினாத் தேவல" என்றார் சுயம்புராஜ்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கே சோதனைக்கூடத்தைத் திறந்தார். முன்னால் கலக்கி ஊறவைத்திருந்த கொழகொழப்பை ஒரு சாண் தூரத்தில் கோடு போட்ட ஒரு லிட்டர்க் குழல்கள் இரண்டில் சமமாக ஊற்றினார். ஒன்றில் அலமாரியிலிருந்த கம்பெனி உப்பை உடைத்து முப்பத்தைந்து கிராம் போட்டார். மற்றதில் மச்சினன் உப்பு முப்பத்தைந்து கிராம். கலக்கித் தெளியவிட்டார். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு தூள் விட்டுவிட்டு, முட்டுக்கால் போட்டுப் பார்த்தார்.

மச்சினன் உப்பில் விழுந்த தூள் படிக்கட்டில் இறங்குகிறவன் மாதிரி நிதானமாக, நிற்காமல் இறங்கியது. மூன்று நிமிடத்தில் கீழ்க் கோட்டைத் தாண்டியது. கம்பெனி உப்பில் இருந்தது பாதிகூட வரவில்லை. ஒரு பக்கம் சாய்ந்தபடி, போவதா வேண்டாமா என்பதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. பெமிலா.

"என்னண்ணா, எனக்கு முன்னாடியே? இது என்ன ரெண்டு குழலு?"

"இரு மக்கா. இது இறங்கட்டும்."

அவள் அவர் பக்கத்தில் குனிந்தாள். குழலைப் பார்த்தாள், மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள். அதில் இருந்த உப்பைப் பார்த்தாள். அவளுக்கு மூளை வேகம். தூள் கீழ்க் கோட்டுக்கு வரும்போதே அவள் முகம் மாறிவிட்டது. ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

"எப்போலேருந்து?"

"மார்ச் அஞ்சு. குப்பி தீர்ந்துட்டு. நான் எழுதிப் போட மறந்துட்டேன். உன்கிட்ட சொல்லாம மச்சினன் அளத்து உப்பை நிரப்பினேன். கடைசி வெள்ளம் வடியாத உப்பு."

பெமிலா நாற்காலியில் உட்கார்ந்தாள்.  குழலைப் பார்த்தபடி சொன்னாள், "கடைசி வெள்ளத்துல உள்ள கசப்பு கால்சியம், மக்னீசியம். அது வெறும் உப்பு மாதிரி சுருட்டாது. இழையை ரெண்டு ரெண்டாப் புடிச்சுக் கட்டிரும், தூளுக்கு வழி இன்னும் திறந்துரும்."

"கலங்கலா இருந்துது. கண்டேன். சொல்லியிருக்கணும்."

"அறுபது தடவை என் பக்கத்துலயே நின்னியளே."

 எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சுயம்புராஜ் சொன்னார், "கடல்லயும் அந்தக் கசப்பு உண்டுதானே மக்கா. அப்போ நம்ம மூணு நிமிஷந்தான் கடலுக்குச் சரியோ என்னவோ."

"கடல்ல அது எவ்வளவு உண்டுன்னு அளந்து எழுதி வச்சிருக்கு. உங்க மச்சினன் உப்புல எவ்வளவு உண்டுன்னு ஆருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா? அவருக்குத் தெரியுமா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் சுட்டது. "அளக்காததை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணா. சமாதானம் சொல்லாதிய."



அங்கே ஒரு வழக்கம் உண்டு. நோட்டில் தப்பாக எழுதியதைக் கிழிக்கக்கூடாது, அழிக்கக்கூடாது. ஒரே ஒரு கோடு போட வேண்டும். கீழே உள்ளது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் காரணம் எழுதி, யாருக்குக் காரணம் தெரியுமோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். பெமிலா பதினொரு பக்கங்களுக்குக் குறுக்கே கோடு போட்டாள். அடிக்கோலை வைத்து, நேராக, ஒவ்வொன்றாக. பிறகு நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க எழுதுங்க."

"நான் எழுதினா பிழை வரும்."

"வரட்டும்."

சுயம்புராஜ் பேனாவைப் பிடித்தார். கடைசியாக இத்தனை வரி எழுதியது விசா தாளில். 'இந்த உப்பு கம்பெனி உப்பு இல்லை. சாமித்தோப்பு அளத்து உப்பு. மார்ச் 5 முதல் நான் குப்பியில் போட்டேன். பெமிலா அம்மையாருக்குத் தெரியாது.' பெயர் எழுதினார், தேதி போட்டார். பதினொரு பக்கத்திலும் அதையே எழுதினார். ஒரு மணி நேரம் ஆனது. பெமிலா இடையில் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த தாளை, ஓரம் கிழியாமல், ஒட்டுநாடாவை நகத்தால் பிய்த்து எடுத்துச் சுருட்டி வைத்தாள்.

ஒன்பதரைக்குச் செல்வதாஸ் வந்தார். அவளே நோட்டைக் கொடுத்தாள். அவர் பதினொரு பக்கத்தையும் புரட்டினார். எல்லாவற்றிலும் ஒன்றே எழுதியிருந்தும் எல்லாவற்றையும் படித்தார்.

"நீராச் சொன்னீரா? இல்ல அவ கண்டுபிடிச்சாளா?"

"நானே சார்."

"எதுக்கு ரெண்டு குழல் வச்சுப் பார்த்தீரு?"

"சந்தேகத்தை வச்சுப் போயி அவளைப் பயங்காட்ட வேண்டாமேன்னு."

செல்வதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போனை எடுத்துத் திருவனந்தபுரத்துக்குப் பேசி, தன் மாணவி இந்த முறை பேசவில்லை, அளவுகளை மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னார். காரணம் கேட்டார்கள்போல. "உப்பு" என்று மட்டும் சொல்லி வைத்தார். அலமாரிச் சாவியை சுயம்புராஜிடமிருந்து வாங்கிப் பெமிலாவிடம் கொடுத்தார். தன் அறைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பூங்கனி கேட்டாள், "என்ன, மூஞ்சி சுருங்கிக் கெடக்கு?"

விஷயத்தைச் சொன்னார். அவள் மீனை நறுக்கியபடி கேட்டாள். "அன்னைக்கே கேட்டேன். மீனை விட்டுட்டு உப்பை வறுக்குதியளேன்னு. வேலை போயிருமா?"

"தெரியல்ல."

"போனா போட்டும். சொல்லாம இருந்திருந்தா ராத்திரி பொரண்டு பொரண்டு என் உறக்கத்தையும் கெடுத்திருப்பிய."

மறுநாள் ஏழு மணிக்குக் குழலை மறுபடி நிரப்பினார்கள். உப்பைப் பெமிலாவே எடுத்து, பெமிலாவே நிறுத்தாள். சுயம்புராஜ் கையைக் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். அவள் தட்டை நீட்டிய பிறகே வாங்கினார். சுழி விழுந்ததும் விளிம்பில் பைய விட்டார். தூளைக் குறட்டால் உள்ளே கொண்டுபோனார்.

"கடந்தாச்சு."

காத்திருந்தார்கள். ஏழு நிமிடம் நாலு நொடி. அவள் எழுதினாள். புதிதாக ஒன்றும் இல்லை, புத்தகத்தில் உள்ளதுதான். பெமிலா நோட்டைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டாள். சுயம்புராஜுக்குமே, அந்த மூன்று நிமிடம் மெய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"அடுத்ததைப் போடுங்கண்ணா" என்றாள். முதல் வாரம் அவள் வேறு எதுவும் பேசவில்லை. இரண்டாவது வாரம், அவர் கோட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபோது சத்தம் போட்டாள். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. மே மாதக் கடைசியில் அறுபதும் முடிந்தது. கசப்பைத் தனியாக வாங்கி, அளந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவள் ஒரு புதுத் தாளில் திட்டம் எழுதத் தொடங்கியிருந்தாள். அதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றாள்.

ஜூன் இரண்டாம் வாரம் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். தாள் தயாராக இருந்தது, இன்னும் ஒரு வருஷம். பழைய தாளில் இல்லாத ஒரு வரி அடியில் பேனாவால் சேர்த்திருந்தது. செல்வதாஸ் கையெழுத்து. 'சோதனைப் பொருள் எதையும் இவர் தாமாக வாங்கவோ நிரப்பவோ கூடாது. கலக்கும் வேலை மட்டும்.'

எழுத்தர் கேட்டார், "இது என்ன, புதுசா ஒரு வரி? ஒப்புக்கிடுதியளா?"

சுயம்புராஜ் இரண்டு தடவை படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பொடி ஊறப்போட வேண்டிய நேரம் ஆகிவிட்டது என்று மாடிக்குப் போனார்.